நூறும் பூஜ்யமும்

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஹெர்ஷி என்று ஓர் ஊர் இருக்கிறது. சாக்லேட் செய்து பெயர் வாங்கிய ஊர். 1962 மார்ச் 2-ந் தேதி வெள்ளிக்கிழமை இரவு, அந்த ஊர் விளையாட்டரங்கில் ஒரு கூடைப்பந்துப் பந்தயம் நடந்தது. பிலடெல்பியா வாரியர்ஸ் கோஷ்டிக்கும் நியூயார்க் நிக்ஸ் கோஷ்டிக்கும் போட்டி. பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். அரங்கில் பாதி காலி. டெலிவிஷன்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. பருவம் முடியப்போகும் சமயத்தில் நடக்கும் எத்தனையோ பந்தயங்களில் அதுவும் ஒன்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆட்டம் முடிந்தபோது, வாரியர்ஸ் கோஷ்டியின் வில்ட் சேம்பர்லின் என்ற ஏழடி ஓர் அங்குல உயர ஆட்டக்காரர், தாம் ஒருவராகவே நூறு பாயிண்டுகள் எடுத்திருந்தார். அந்தக் கோஷ்டியின் கணக்கரான ஹார்வி போலக், ஒரு காகிதத்தில் ‘100’ என்று எழுதிச் சேம்பர்லின் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் உலகமெங்கும் பிரசுரமாயிற்று. அந்தப் பந்தயத்தின் சலனப் படம் கிடையாது. கடைசிப் பகுதியின் ரேடியோ வர்ணனை மட்டும் பின்னால் கிடைத்து, 2016-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் இடம் பெற்றது. மற்றபடி அந்த இரவைப் பற்றி உலகத்துக்கு மிஞ்சியது ஒரு புகைப்படமும் ஒரு கணக்குப் பட்டியலுமே.

படத்தை எல்லோரும் பார்த்தார்கள். பட்டியலை எத்தனை பேர் படித்தார்கள்? அதுதான் கேள்வி.

பட்டியல் சொல்லும் கதை

கூடைப்பந்தாட்டத்தின் கணக்குப் பட்டியல் பார்வைக்கு மளிகைக் கடைச் சிட்டை மாதிரிதான் இருக்கும். இடது பக்கம் பெயர்கள். அதற்கு நேரே இலக்கங்கள். எத்தனை தடவை கூடையை நோக்கி எறிந்தார், எத்தனை விழுந்தது, எதிரி செய்த தப்புக்காகக் கிடைக்கும் ‘ப்ரீ த்ரோ’ எத்தனை, கூடையில் விழாமல் தெறித்து வந்த பந்தை எத்தனை தடவை கைப்பற்றினார், மற்றவர் பாயிண்டு எடுக்கும்படி எத்தனை தடவை பந்தைக் கொடுத்து உதவினார் என்பவையே அந்த இலக்கங்கள். தெறித்து வருவதைப் பிடிப்பதற்கு ‘ரீபவுண்ட்’ என்றும், கொடுத்து உதவுவதற்கு ‘அசிஸ்ட்’ என்றும் பெயர்.

சேம்பர்லினின் வரிசையில் அன்று இருந்தது இது: 63 எறிகளில் 36 விழுந்தன. 32 ப்ரீ த்ரோவில் 28 விழுந்தன. ரீபவுண்ட் 25. அசிஸ்ட் 2. ஆடிய நேரம் 48 நிமிஷம். அதாவது ஒரு நிமிஷங்கூட வெளியே உட்காரவில்லை. முப்பத்தாறு கூடைக்கு 72 பாயிண்டு, ப்ரீ த்ரோவுக்கு 28; ஆக நூறு. கணக்கில் பிசகு ஒன்றுமில்லை.

இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள்தாம் அதிகம். கண்ணைச் சற்றுக் கீழே இறக்கினால் வேறு பெயர்களும் தென்படும்.

கை ரோட்ஜர்ஸ் என்பவருக்குப் பாயிண்டு 11, அசிஸ்ட் 20. இருபது தடவை அவர் கொடுத்த பந்து கூடையில் போய் விழுந்திருக்கிறது. மற்ற எந்த இரவாக இருந்தாலும் மறுநாள் பத்திரிகைகளில் அவர் பெயரே தலைப்பாக வந்திருக்கும். ஆல் ஆட்டில்ஸ் என்பவர் எட்டுத் தடவை எறிந்தார், எட்டும் விழுந்தன. கிடைத்த ஒரு ப்ரீ த்ரோவும் விழுந்தது. மொத்தம் 17. ஒரு பிசகுகூட இல்லாமல் ஆடுவது ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஆயுளில் எத்தனை தடவை வாய்க்கும்? அந்த வாய்ப்பு ஆட்டில்ஸுக்கு வந்து சேர்ந்த இரவு, பக்கத்தில் ஒருவர் நூறு எடுத்துக்கொண்டிருந்த இரவு! சூரியன் இருக்கும்போது நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது; அதனால் நட்சத்திரம் இல்லையென்று ஆகிவிடுமா?

இன்னும் கீழே போனால் ஜோ ருக்லிக், டெட் லக்கன்பில் என்று இரண்டு பெயர்கள். இரண்டு பேருக்கும் பாயிண்டு பூஜ்யம். ருக்லிக்குக்கு இரண்டு ப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டையும் தவற விட்டார். பட்டியலைப் புரட்டுகிறவன், ‘இவர்கள் எதற்கு வந்தார்கள்?’ என்றுகூடக் கேட்பான்.

வந்த காரணம் இதுதான். சேம்பர்லின் 98-ல் நிற்கிறார். ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரமே இருக்கிறது. அவர் எறிந்த பந்து விழவில்லை. லக்கன்பில் அதைக் கைப்பற்றித் திரும்பவும் அவரிடமே கொடுத்தார். மறுபடியும் எறிந்தார், மறுபடியும் விழவில்லை. மறுபடியும் லக்கன்பில்லே பந்தைப் பிடித்தார். இந்தத் தடவை ருக்லிக்கிடம் தள்ளினார். ருக்லிக் அதைச் சேம்பர்லினுக்கு உயர்த்திக் கொடுத்தார். 46 வினாடி பாக்கி இருக்கும்போது பந்து கூடைக்குள் விழுந்தது. ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள்.

நூறு என்னும் எண்ணில் இருக்கும் கடைசி இரண்டு பாயிண்டு, இரண்டு பூஜ்யங்கள் சேர்ந்து கொடுத்தவை. இதைச் சொன்னால் சேம்பர்லினின் பெருமை குறைந்துவிடாது. பெருமை எப்படி உண்டாகிறது என்பதுதான் தெளிவாகும்.

கடைசிப் பன்னிரண்டு நிமிஷம்

ஆனால் அந்தப் பட்டியலிலே இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அது அவ்வளவு இனிப்பானதன்று.

ஆட்டம் நான்கு பகுதிகளாக நடந்தது. முதல் பகுதியில் சேம்பர்லினுக்கு 23. பாதி ஆட்டத்தில் 41. மூன்றாம் பகுதி முடிவில் 69. அப்போது வாரியர்ஸ் 125, நிக்ஸ் 106. பத்தொன்பது பாயிண்டு வித்தியாசம். வெற்றி கைக்குள் வந்துவிட்டது என்றே சொல்லலாம். சாதாரணமாக இந்தக் கட்டத்தில் என்ன செய்வார்கள்? முக்கியமான ஆட்டக்காரரை உட்கார வைத்து, மற்றவர்களுக்குச் சந்தர்ப்பம் கொடுப்பார்கள்.

அன்று அப்படி நடக்கவில்லை. வாரியர்ஸ் ஆட்டக்காரர்கள் பந்தையெல்லாம் சேம்பர்லினுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் கைக்குப் பந்து போகக் கூடாது என்று நிக்ஸ்காரர்கள் மற்ற வாரியர்ஸ் ஆட்டக்காரர்களை வேண்டுமென்றே பவுல் செய்தார்கள். வாரியர்ஸ் கோஷ்டியும் சும்மா இருக்கவில்லை. பந்து சீக்கிரம் தங்களிடம் திரும்பி வரவேண்டும் என்று நிக்ஸ்காரர்களைப் பவுல் செய்தது. தோற்கிற கட்சி நேரம் போதாமல் பவுல் செய்வது வழக்கம்; ஜெயிக்கிற கட்சி செய்வது விசித்திரம். கடைசியில் 169-க்கு 147 என்று பந்தயம் முடிந்தது. அந்த ஒரு பகுதியில் மாத்திரம் சேம்பர்லின் 31 பாயிண்டு எடுத்தார்.

இதை மோசடி என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது நியாயமான பேச்சல்ல. நிக்ஸ் கோஷ்டியின் வழக்கமான மையக்காரர் அன்று உடல்நலமில்லாமல் ஆடவில்லை என்பதும், அவருக்குப் பதில் வந்தவர் இருபது நிமிஷத்தில் பவுல் கணக்கு நிறைந்து வெளியேறினார் என்பதும் உண்மையே. ஆனால் எதிரே நின்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மூன்று நான்கு பேர் சூழ்ந்துகொண்டு தடுத்துப் பார்த்தார்கள். நிக்ஸிலும் ரிச்சி கெரின் 39, கிளீவ்லண்ட் பக்னர் 33, வில்லி நால்ஸ் 31 என்று மூன்று பேர் முப்பதுக்கு மேல் எடுத்தார்கள். சேம்பர்லின் எடுத்த நூறும் வியர்வை சிந்தி எடுத்ததுதான்.

ஆனால் மோசடி இல்லை என்பதனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? முதல் முப்பத்தாறு நிமிஷம் இரண்டு கோஷ்டிகள் ஒரு பந்தயம் ஆடின. கடைசிப் பன்னிரண்டு நிமிஷத்தில் பந்தயம் மறைந்துவிட்டது. ஓர் எண்தான் ஆடியது. ஆட்டத்தைக் குறித்து வைப்பதற்காக ஏற்பட்டது கணக்கு. அந்தக் கணக்குக்காக ஆட்டம் நடக்க ஆரம்பித்தால், குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டினாற்போலத்தான். அத்தனை தடவை எறிந்ததைக் குறித்துப் பிற்காலத்தில் சேம்பர்லினே கூச்சப்பட்டதுண்டு.

எண்ணாமல் விட்டவை

அந்தப் பருவம் முழுவதும் எடுத்துப் பார்த்தால், சேம்பர்லின் 80 பந்தயங்களில் 4,029 பாயிண்டு குவித்தார். பந்தயத்துக்கு 50.4 வீதம் ஆகிறது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்று தோன்றும். அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்கே என்றும் தோன்றும்.

பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் கோஷ்டியின் பில் ரஸ்ஸலுக்குப் போயிற்று. ரஸ்ஸல் எடுத்தது பந்தயத்துக்கு 18.9 பாயிண்டு. ஐம்பது எங்கே, பத்தொன்பது எங்கே! அந்தக் காலத்தில் பட்டத்துக்கு வோட்டுப் போட்டவர்கள் ரசிகர்களல்லர், நிருபர்களல்லர். எதிரே நின்று ஆடிய ஆட்டக்காரர்கள். மைதானத்துக்குள்ளே நின்றவர்களுடைய அபிப்பிராயம் பட்டியலின் அபிப்பிராயத்துக்கு நேர்மாறாக இருந்தது.

காரணம் என்ன? ரஸ்ஸல் செய்த வேலையில் பெரும்பகுதிக்குப் பட்டியலில் இடமே இல்லை. கூடையை நோக்கி வரும் பந்தைத் தட்டி விடுவதில் அவருக்கு இணையில்லை. தட்டிய பந்தை வெளியே அடித்துவிடாமல், தம் ஆட்கள் கைக்குப் போகும்படி தட்டுவார். அவர் நிற்கிறார் என்ற எண்ணத்திலேயே எதிரிகள் எறிவதை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் பந்தைத் தடுப்பதையும், எதிரி கையிலிருந்து பறிப்பதையும் அந்த லீக் 1973-74 பருவத்தில்தான் எண்ணத் தொடங்கிற்று. ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969-ல். ஆகவே, தடுப்பதில் சூரரென்று பெயரெடுத்த அவருடைய பெயருக்கு நேரே, தடுத்த பந்து எத்தனை என்று அதிகாரபூர்வமான கணக்கு ஒன்றுகூடக் கிடையாது. சேம்பர்லினும் தடுப்பதில் சமர்த்தர். அவருக்கும் அதே கதிதான்.

அவர்கள் தடுக்கவில்லையா? தடுத்தார்கள். எழுதத்தான் ஆளில்லை. பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லாதது என்று எண்ணுவது, கிணற்றுத் தவளையின் தர்க்கம்.

1962-ல் இரண்டு கோஷ்டிகளும் கிழக்குப் பிரிவின் இறுதியில் மோதின. ஏழு பந்தயங்கள் நடந்தன. ஏழாவதில் 109-க்கு 107 என்று பாஸ்டன் ஜெயித்தது. நூறு பாயிண்டு வீரரின் கோஷ்டி இரண்டு பாயிண்டில் தோற்றது.

எண் செய்த நன்மை

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘கணக்கே வேண்டாம், கண்ணால் பார்ப்பதே போதும்’ என்று ஒரு சாரார் கிளம்பக்கூடும். அதுவும் தவறு. கண்ணுக்கும் பாரபட்சம் உண்டு. உயரமானவனைக் கண் தொடரும். ஆர்ப்பாட்டமாக ஆடுகிறவனை நினைவு வைத்துக்கொள்ளும். அடக்கமாக ஆடுகிறவனை மறந்துவிடும். ஆட்டில்ஸ் எட்டுக்கு எட்டு எறிந்தார் என்பது இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அது கணக்கின் புண்ணியம்.

கூடைப்பந்தாட்டத்தையே ஒரு தடவை எண் காப்பாற்றியிருக்கிறது. 1950 நவம்பர் 22-ந் தேதி போர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் ஆகிய கோஷ்டிகளுக்குப் பந்தயம் நடந்தது. லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டையான ஆட்டக்காரர் இருந்தார். அவர் கைக்குப் பந்து போகாமலிருக்கப் பிஸ்டன்ஸ் கோஷ்டி ஒரு தந்திரம் செய்தது. பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டார்கள்! எத்தனை நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது விதி கிடையாது. முடிவு 19-க்கு 18, பிஸ்டன்ஸ் வெற்றி. லேக்கர்ஸின் 18-ல் மைக்கன் எடுத்தது 15. காசு கொடுத்து வந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்த நோய்க்கு மருந்து கண்டவர் டானி பியஸோன். சிரக்யூஸ் கோஷ்டியின் சொந்தக்காரர். நல்ல விறுவிறுப்பான பந்தயங்களின் கணக்கைப் புரட்டினார். ஒவ்வொரு கோஷ்டியும் சுமார் அறுபது தடவை எறிந்திருந்தது, இரண்டுக்குமாக நூற்றிருபது. ஆட்டம் 48 நிமிஷம். அதாவது 2,880 வினாடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி 1954-55 பருவத்தில் அமலுக்கு வந்தது. முந்திய பருவத்தில் ஒரு கோஷ்டி சராசரி 79.5 பாயிண்டு எடுத்தது. விதி வந்த பருவத்தில் 93.1. பள்ளிக்கூடப் பையன் போடக்கூடிய ஒரு வகுத்தல் கணக்கு, சோர்ந்து கிடந்த ஆட்டத்தை எழுப்பி உட்கார வைத்தது.

பியஸோனின் கணக்கில் உள்ள விசேஷம் கவனிக்கத்தக்கது. ‘யார் அதிகம் எடுத்தான்?’ என்று அவர் கேட்கவில்லை. ‘ஆட்டம் எப்படி நடந்தால் நன்றாயிருக்கும்?’ என்று கேட்டார். கேள்வி நன்றாயிருந்தால் எண்ணும் நல்ல பதில் சொல்லும்.

எண்ணுக்காக ஆடினால்

கேள்வி கெட்டால் என்னவாகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது.

பாயிண்டு, ரீபவுண்ட், அசிஸ்ட் ஆகிய மூன்றிலும் பத்தும் அதற்கு மேலும் எடுத்தால் ‘டிரிபிள் டபிள்’ என்று கொண்டாடுவார்கள். 2003 மார்ச் 16-ந் தேதி கிளீவ்லண்ட் கோஷ்டியின் ரிக்கி டேவிஸ் என்பவர் 26 பாயிண்டு, 12 அசிஸ்ட், 9 ரீபவுண்ட் என்று நின்றார். ஒரே ஒரு ரீபவுண்ட் குறைவு. யூட்டா கோஷ்டிக்கு எதிரான வெற்றி உறுதியாகிவிட்டது. சில வினாடிகளே பாக்கி. அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் கோஷ்டி காக்க வேண்டிய கூடையை நோக்கித் தாமே பந்தை எறிந்து, அது தெறித்து வந்ததும் பிடித்துக்கொண்டார்! எதிரிகளுக்குக் கோபம் வந்தது. ஒருவர் அவரைப் பவுல் செய்தார். அந்த ரீபவுண்டும் கணக்கில் சேரவில்லை. அவருடைய கோஷ்டியே அவருக்கு அபராதம் விதித்தது.

நகைப்பதற்குரிய சம்பவந்தான். ஆனால் அந்த ஒருவரைப் பார்த்து மட்டும் நகைப்பது தகுமா? எண்ணைக் காட்டிச் சம்பளம் பேசுகிறார்கள். எண்ணைப் பார்த்துப் பத்திரிகைகள் தலைப்புப் போடுகின்றன. எண்ணைச் சொல்லி ரசிகர்கள் சண்டையிடுகிறார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, ஆட்டக்காரன் மட்டும் எண்ணை மறந்து ஆடவேண்டும் என்றால் எப்படி?

இன்னொரு வேடிக்கை. எண்ணுக்காக உயிரை விடுகிற மனிதனே, எண் நல்ல புத்தி சொன்னால் கேட்பதில்லை. சேம்பர்லினுக்கு ப்ரீ த்ரோ எப்போதும் ஒரு கண்டம். யாரும் தடுக்காமல் நின்று நிதானமாக எறியும் எறி அது. மொத்த வாழ்நாள் கணக்கில் நூற்றுக்கு 51 தான் விழுந்தது. ஆனால் 1961-62 பருவத்தில் பந்தை இரண்டு கையாலும் கீழிருந்து வீசி எறிந்தார். நூற்றுக்கு 61 விழுந்தது. ஹெர்ஷியில் 32-க்கு 28 விழுந்ததும் அந்த முறையில்தான். அவருடைய கணக்கிலேயே அதுதான் உயர்ந்த பருவம். பின்னாளில் ரிக் பாரி என்பவர் அதே முறையில் எறிந்து நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூறு போட்டார். சேம்பர்லினோ அந்த முறையைக் கைவிட்டுவிட்டார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்ற வெட்கந்தான் காரணம் என்று தம் சுயசரிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நூறு பாயிண்டு எடுத்தவருக்கும் நாலு பேர் சிரிப்புக்குப் பயம்!

குறைந்தபோது கிடைத்தது

சேம்பர்லினின் கதை அதோடு முடிந்திருந்தால் வருத்தமாகத்தான் இருக்கும். முடியவில்லை.

1966-67 பருவத்தில் அவர் பிலடெல்பியா 76-யர்ஸ் கோஷ்டியில் இருந்தார். அலெக்ஸ் ஹானம் என்ற பயிற்சியாளர் வந்தார். எறிவதைக் குறைத்துக்கொண்டு பந்தை மற்றவர்களுக்குக் கொடு என்று கேட்டுக்கொண்டார். சேம்பர்லின் இசைந்தார். சராசரி 50 எடுத்தவர் 24.1-க்கு இறங்கினார். பந்தயத்துக்கு ஏறத்தாழ எட்டு அசிஸ்ட் கொடுத்தார். தாம் எறிந்ததிலும் நூற்றுக்கு 68 விழுந்தது. அந்தக் கோஷ்டி 68 பந்தயங்களில் வென்று, 13-ல் தோற்றது. எட்டு வருஷமாகத் தொடர்ந்து பட்டம் வென்றுகொண்டிருந்த பாஸ்டனை வழியிலேயே மடக்கி, பட்டத்தையும் கைப்பற்றியது.

1972-ல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கோஷ்டியோடு இரண்டாவது பட்டம். அந்தப் பருவத்தில் அந்தக் கோஷ்டி தொடர்ச்சியாக 33 பந்தயங்களில் வென்றது. சேம்பர்லினின் சராசரி 14.8.

ஐம்பது எடுத்த வருஷம் பட்டம் இல்லை. இருபத்து நான்கு எடுத்த வருஷம் பட்டம். பதினைந்துகூட எடுக்காத வருஷம் இன்னொரு பட்டம். கூட இருந்தவர்களும் சிறந்தவர்கள் என்பது மெய்யே. ஆனால் சிறந்தவர்கள் கூட இருந்தால் மட்டும் போதாது; அவர்களுக்குப் பந்து போக வேண்டும். தம் எண்ணைத் தாமே குறைத்துக்கொள்ள ஒரு மனிதனுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! ஹெர்ஷியில் எடுத்த நூறைவிட இது பெரிய சாதனை என்று சொன்னால் மிகையாகாது.

இன்றைய கணக்கு

இப்போது கணக்கு எழுதும் முறை வெகுதூரம் போய்விட்டது. 2013-14 பருவத்திலிருந்து அந்த லீக்கின் எல்லா அரங்கங்களிலும் மேலே காமிராக்களைப் பொருத்தி, ஆட்டக்காரர்களும் பந்தும் நகர்வதை வினாடிக்கு 25 தடவை பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஓர் ஆட்டக்காரர் மைதானத்தில் இருக்கும்போது அவருடைய கோஷ்டி எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்றும் கணக்கிடுகிறார்கள். பந்தைத் தட்டித் திசை மாற்றியது, தரையில் விழுந்து பந்தைக் கைப்பற்றியது, எதிரி மேலே வந்து மோதும்படி நிலையாக நின்றது முதலியவற்றையும் 2016-லிருந்து எண்ணுகிறார்கள்.

ஹூஸ்டன் கோஷ்டியில் ஷேன் பாட்டியர் என்று ஒருவர் இருந்தார். பாயிண்டு, ரீபவுண்ட் எதிலும் அவர் வரிசை பிரமாதமாக இராது. ஆனால் அவர் ஆடும்போது தம் கோஷ்டி நன்றாக ஆடும். எதிர்க் கோஷ்டியின் நட்சத்திர வீரர் தடுமாறுவார். பழைய பட்டியலுக்கு அகப்படாத இந்த மனிதர் புதிய கணக்குக்கு அகப்பட்டார். 2009-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவரைப் பற்றி நீண்ட கட்டுரையே வெளியிட்டது. ஆகவே, எண்ணின் குறையை ஓரளவு எண்ணே தீர்க்கும், சந்தேகமில்லை. எழுதுகிறவனுக்கு எதை எண்ண வேண்டும் என்ற விவேகம் முதலில் வந்தால் தீர்க்கும்.

ஆனால் ஒன்று. நேற்றுவரை எண்ணாதிருந்ததை இன்று எண்ணுகிறார்கள் என்றால், இன்று எண்ணாததும் எவ்வளவோ இருக்கும் அல்லவா?

பள்ளிக்கூட மைதானத்தில்

கடல் கடந்த சமாசாரம் நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்த ஆட்டத்தை 1891 டிசம்பரில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் தோற்றுவித்தார். அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்தார்கள். அமெரிக்கர்களின் நூறு பாயிண்டுக்கும் நம் ஊர்ப் பையன்களின் கம்பத்துக்கும் இடையே இப்படி ஒரு கொடி ஓடுகிறது.

நெய்ஸ்மித் முதலில் எழுதிய விதிகள் பதின்மூன்று. கடைசி விதி, எந்தக் கட்சி அதிகமாகக் கூடையில் போட்டதோ அந்தக் கட்சி வென்றது என்று சொல்கிறது. எந்த ஆட்டக்காரன் அதிகம் போட்டான் என்பதைப் பற்றி அந்தப் பதின்மூன்றில் ஒரு வார்த்தை கிடையாது. இருபுறமும் ஒன்பது பேர் நின்று ஆடிய முதல் பந்தயம் 1-0 என்று முடிந்தது.

இன்று பள்ளிப் பந்தயம் முடிந்ததும் என்ன கேட்கிறோம்? ‘யார் அதிகம் எடுத்தான்?’ என்றுதான். கோப்பையும் அவனுக்கே, படமும் அவனுக்கே. வீட்டுக்குப் போகிற பையனிடம் தகப்பனார் கேட்பதும், ‘நீ எத்தனை எடுத்தாய்?’ என்பதே. ‘யாருக்குக் கொடுத்தாய்?’ என்று கேட்கிற தகப்பனார் எத்தனை பேர்? பதின்மூன்று வயதில் இப்படிக் கேட்டுப் பழகிய பையன், கொடுக்க வேண்டிய இடத்திலும் எறிவான். நாளைக்கு ஆபீஸிலும் தொழிற்சாலையிலும் பொது வாழ்விலும் அதே குணந்தான் தலைதூக்கும். தன் பெயருக்கு நேரே ஏறாத வேலையை எவனும் செய்ய மாட்டான்.

பயிற்சி ஆசிரியர்களுக்குக் காமிரா வேண்டாம். ஒரு பென்சில் போதும். நோட்டுப் புத்தகத்தில் பாயிண்டுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் போடலாம். யார் கொடுத்தான்? யார் தெறித்த பந்தைப் பிடித்தான்? யார் எதிரியை எறியவிடாமல் தடுத்தான்? பந்தயம் முடிந்ததும் அந்த மூன்று பெயர்களையும் முதலில் படிக்கலாம். அதிகம் எடுத்தவன் பெயரைக் கடைசியில் படிக்கலாம். பத்திரிகைகளும் பந்தயச் செய்தியில் இரண்டு வரி கூட்டிப் போட்டால் காகிதம் ஒன்றும் தீர்ந்துவிடாது. இது பெரிய சீர்திருத்தமல்ல. ஆனால் ஒரு தலைமுறைப் பையன்களின் கண் எங்கே திரும்புகிறது என்பது இதனால் மாறும்.

கணக்கு பொய் சொல்லாது. கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். ஹெர்ஷியில் அன்று வில்ட் சேம்பர்லின் நூறு எடுத்தார் என்று அது சொல்கிறது, உண்மை. ஜோ ருக்லிக் பூஜ்யம் எடுத்தார் என்றும் சொல்கிறது, அதுவும் உண்மை. அந்த நூறு எழுதிய காகிதத்தைப் படமாக மாட்டி வைப்பதில் தவறில்லை. ஆனால் ருக்லிக்கின் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், அசிஸ்ட் கட்டத்தில், சிறியதாக ஓர் ‘ஒன்று’ இருக்கிறது. அதையும் பார்க்கத் தெரிந்தவனே ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவன்.